காக்கையும் பனம்பழமும்

பேரரசு ஒன்று சாய்ந்தால், அதனைச் சாய்த்தவர் தாமே என்று உரிமை கொண்டாடப் பலர் முன்வருவது உலக வழக்கு. 1991ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு கிரெம்ளின் மாளிகையின் மேல் பறந்த செங்கொடி இறக்கப்பட்டது. நிலவுலகின் ஆறில் ஒரு பங்கைத் தன் ஆட்சியில் வைத்திருந்த சோவியத் ஒன்றியம், அயலார் படை ஒன்றேனும் அதன் எல்லையைத் தாண்டாத நிலையிலேயே மறைந்துபோயிற்று. அஃது எவ்வாறு நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை கூறும் நூல்களை அடுக்கினால் ஒரு நூலகமே நிரம்பிவிடும். அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு இங்கே ஆராய விழைகின்றோம்.

ஒன்று, அமெரிக்க எழுத்தாளர் பீட்டர் ஷ்வைசர் 1994இல் வெளியிட்ட 'வெற்றி' எனும் நூல். சோவியத் வீழ்ச்சியை விரைவுபடுத்திய ரீகன் ஆட்சியின் இரகசியத் திட்டத்தைக் கூறுவது என்று அதன் துணைத் தலைப்பே பறைசாற்றுகின்றது. மற்றொன்று, சோவியத் ஒன்றியம் மறைந்த பின் 1992இல் ரஷ்யாவின் தற்காலிகப் பிரதமராக இருந்த பொருளியல் அறிஞர் யெகோர் கைதார் 2006இல் வெளியிட்ட 'ஒரு பேரரசின் வீழ்ச்சி' எனும் நூல். முன்னது வென்றவர் வாய்மொழி. பின்னது தோற்றவர் வீட்டுக் கணக்கேடு.

பழைய செய்தியை இன்று கிளறுவது எதற்கு என வாசக அன்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. முதல் நூலும் அதன் வழிவந்த எழுத்துகளும் உலக அரசியலில் ஒரு சூத்திரத்தை நிலைநாட்டிவிட்டன. போர் தொடுக்க வேண்டியதில்லை. பகைவனின் வருவாயை அடைத்து, அவன் செலவைப் பெருக்கி, கடன் வாயிலைச் சாத்திவிட்டால், எத்துணைப் பெரிய வல்லரசும் தானே மண்டியிடும் என்பதே அச்சூத்திரம். அதனை நம்பிப் பிற்காலத்தில் கோடிக்கணக்கான மக்களின் சோற்றுத் தட்டின் மீது கைவைக்கப்பட்டது. ஆகவே, அச்சூத்திரம் மெய்யா என்று உரைத்துப் பார்ப்பது வெறும் நூல் மதிப்புரையோடு நின்றுவிடும் செயலன்று.

முதலில் 'வெற்றி' சொல்வதைக் கேட்போம். 1981இல் பதவியேற்ற ரீகனும், அவருடைய உளவுத் துறைத் தலைவர் வில்லியம் கேசியும், சோவியத்தின் படைவலிமையைக் கண்டு மலைக்கவில்லை. அதன் பொருளாதாரம் உள்ளீடற்றது என்று கண்டுகொண்டனர். அங்கேயே அடிக்கத் துணிந்தனர். 1982 நவம்பரிலும் 1983 ஜனவரியிலும் ரீகன் கையொப்பமிட்ட இரகசிய ஆணைகள், உயர் தொழில்நுட்பம், மலிவுக் கடன், எரிவாயு வருமானம் ஆகியவை மாஸ்கோவுக்கு எட்டாமற் செய்வதையும், சோவியத் அமைப்பின் மீது உள்ளிருந்தே அழுத்தம் தருவதையும் கொள்கையாக வகுத்தன. விண்வெளிப் பாதுகாப்புத் திட்டத்தை 1983 மார்ச்சில் அறிவித்து, ஈடுகட்ட இயலாத ஆயுதப் போட்டிக்கு இழுத்தனர். போலந்தின் தொழிலாளர் இயக்கத்துக்கும் ஆப்கானியப் போராளிகளுக்கும் உதவினர். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சவூதி அரேபியாவை இணங்கவைத்து எண்ணெய் விலையைச் சரியச் செய்தனர். சோவியத்தின் அந்நியச் செலாவணியில் பாதிக்கு மேல் எண்ணெயும் எரிவாயுவும் ஈட்டித் தந்தவை. அந்த நரம்பு அறுந்ததும் உடல் சாய்ந்தது. இதுவே நூலின் வாதம்.

ஆசிரியரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ரீகன் அரசில் உயர் பொறுப்பு வகித்த பலரையும் நேரிற் கண்டு செய்தி திரட்டியிருக்கின்றார். மறைவாக இருந்த ஆணைகளின் இயல்பைப் பொதுமக்கள் அறியச் செய்ததில் இந்நூலுக்குப் பங்கு உண்டு. நடை துப்பறியும் நவீனம்போல் விறுவிறுப்பானது. கேசி தலைநகர் தலைநகராகப் பறக்கின்றார், மன்னர்களோடும் தளபதிகளோடும் தனித்துப் பேசுகின்றார், பக்கங்கள் விரைகின்றன.

ஆனால் அவ்விறுவிறுப்பிலேயே குறையும் ஒளிந்திருக்கின்றது. சாட்சிகள் பெரும்பாலும் ஒரு தரப்பினர். வேலை செய்தவரையே அழைத்து, உம் வேலையால் விளைந்த பயன் யாது என்று கேட்டால், குறைத்தா சொல்வார்? அழுத்தியவர் கை எவ்வளவு வலிமையோடு அழுத்தியது என்பதை நூல் பக்கம் பக்கமாக அளக்கின்றது. அழுத்தப்பட்ட பொருள் எத்தகையது, அஃது எதனால் நொறுங்கியது என்பதை அளக்க அதனிடம் கோல் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம் நாட்டில் சிறுவரும் அறிந்தது. காக்கை உட்கார்ந்தது மெய். பழம் விழுந்ததும் மெய். பழம் எத்தனை நாளாகக் காம்பு கழன்று தொங்கியது என்பதையும் சொன்னாலன்றோ வரலாறு முழுமையாகும்?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலாவது தானியம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை நுழைந்ததற்குத் தண்டனையாக, 1980 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1 கோடியே 70 இலட்சம் டன் தானியத்தை மாஸ்கோவுக்கு விற்கத் தடை விதித்தார். அர்ஜென்டினா உள்ளிட்ட நாடுகள் அவ்விடத்தை நிரப்பின. இழப்பு அமெரிக்க உழவருக்கே மிகுதி என்ற கூக்குரல் எழுந்தது. அத்தடையை 1981 ஏப்ரலில் நீக்கியவர் யார்? பொருளாதாரப் போரின் படைத்தலைவர் என்று 'வெற்றி' போற்றும் அதே ரீகன்! 1983இல் அவருடைய அரசே நெடுங்காலத் தானிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்து, ஆண்டுக்குக் குறைந்தது 90 இலட்சம் டன் விற்க வழிசெய்தது. பகைவனின் கழுத்தை ஒரு கையால் நெரித்துக்கொண்டு மறு கையால் ஊட்டுவது எத்தகைய போர்த்தந்திரம்? தம் நாட்டு உழவரின் வாக்குச்சீட்டு, இரகசிய ஆணையைவிட வலியதாயிற்று என்பதே உண்மை.

இரண்டாவது, சைபீரியாவிலிருந்து மேற்கு ஐரோப்பாவுக்கு எரிவாயு கொண்டுசெல்லும் பெருங்குழாய். இதனைத் தடுக்க, 1982 ஜூனில் ரீகன் தடையை நீட்டித்து, அமெரிக்க நிறுவனங்களின் ஐரோப்பியக் கிளைகளையும் கட்டுப்படுத்தினார். எதிர்த்தவர்கள் மாஸ்கோவின் நண்பர்களல்லர். பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் பிரிட்டனும்தாம். ரீகனின் உற்ற தோழி எனப்பட்ட தாட்சர் அம்மையாரின் அரசே, தம் நாட்டு நிறுவனங்கள் ஒப்பந்தப்படி கருவிகளை அனுப்பியாக வேண்டும் என்று ஆணையிட்டது. நவம்பரில் தடை நீங்கியது. சைபீரிய எரிவாயுவும் ஐரோப்பிய அடுப்புகளை அடைந்தது. அணியிலுள்ளோர் அனைவருக்கும் ஒரே நலன் இல்லாதபோது முற்றுகை வளையத்தில் வாயில்கள் தாமே திறக்கும்.

மூன்றாவது, எண்ணெய். நூலின் உயிர்நிலை இதுவே. நம் வாசகர்களுக்கு மிக நெருங்கிய செய்தியும் இதுவே. 1980இல் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பீப்பாய் அளவுக்கு எண்ணெய் எடுத்த சவூதி அரேபியா, விலையைத் தாங்கிப்பிடிப்பதற்காகத் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டே வந்தது. 1985 கோடையில் அஃது 25 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. தாங்கிப்பிடித்ததன் பயனை வடகடல், அலாஸ்கா, மெக்சிகோ ஆகிய இடங்களின் எண்ணெய் உண்டது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பிலேயே சிலர் ஒதுக்கீட்டை மீறி விற்றனர். தன் சந்தையைப் பிறர் பங்கிட்டுக்கொள்வதை எத்தனை காலம் ஒரு நாடு பொறுத்திருக்கும்? 1985 இறுதியில் சவூதி குழாய்களைத் திறந்தது. பீப்பாய்க்கு 30 டாலரை ஒட்டியிருந்த விலை, 1986 கோடையில் 10 டாலர் அளவுக்கு வீழ்ந்தது.

இதற்குக் கேசியின் தூண்டுதலே காரணம் என்கின்றது 'வெற்றி'. அவர் ரியாத் சென்றதும், விலை குறைவதை விரும்பியதும் மெய்யாகவே இருக்கலாம். ஆனால் 1986 ஏப்ரலில் அமெரிக்கத் துணைத் தலைவர் ஜார்ஜ் புஷ் சவூதிக்குச் சென்றது எதற்காக? விலைச்சரிவு அமெரிக்க எண்ணெய்த் தொழிலையே அழிக்கின்றது, அது தம் நாட்டின் பாதுகாப்புக்கும் கேடு என்று கவலை தெரிவிக்கச் சென்றார். டெக்சாஸ் மாநிலத்தில் எண்ணெய்க் கிணறுகள் மூடப்பட்டன, வங்கிகள் தள்ளாடின. தாமே திட்டமிட்டு வீழ்த்திய விலையை நிறுத்துமாறு தாமே போய் மன்றாடுவார் உண்டோ? சவூதி தன் வீட்டுக் கணக்கைப் பார்த்தது என்பதே நேர்மையான விளக்கம்.

அந்நாடும் இதில் தப்பவில்லை. 1981இல் 10,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த அதன் எண்ணெய் வருமானம் 1986இல் 2,000 கோடி டாலர் அளவுக்குச் சுருங்கியது. வளைகுடா எங்கும் கட்டுமானப் பணிகள் தளர்ந்தன. இந்தியாவிலிருந்து அங்கு வேலைக்குச் செல்வோர் தொகை குறைந்தது. கடல் கடந்த சம்பாத்தியத்தை நம்பியிருந்த நம் ஊர்க் குடும்பங்களுக்கு எண்ணெய் விலை என்பது செய்தித்தாளின் மூலையில் கிடக்கும் எண்ணன்று. வரவேண்டிய மணியார்டர் அது. வல்லரசுகளின் சதுரங்கக் கணக்கில் அத்தகைய குடும்பங்களுக்குக் கட்டமே இல்லை.

இன்னுமொரு சோதனை உண்டு. எண்ணெய் விலைச் சரிவே ஓர் அரசைக் கொல்லும் நஞ்சென்றால், அதே நஞ்சை அதே ஆண்டில் உண்ட மற்றவர் நிலை யாது? இந்தோனேசியா நாணய மதிப்பைக் குறைத்தது, நைஜீரியாவும் குறைத்தது. மெக்சிகோ கடனில் தத்தளித்தது. அல்ஜீரியாவில் 1988 அக்டோபரில் தெருக்களில் குருதி சிந்தியது. அரசாங்கங்கள் அதிர்ந்தன, நாடுகள் உடையவில்லை. ஆகவே, சோவியத் ஒன்றியம் உடைந்ததற்கான தனிக்காரணத்தை விலைக்கு வெளியே தேடவேண்டும். அங்கே நம் கையைப் பிடித்து அழைத்துச் செல்பவர் கைதார்.

கைதாரும் எண்ணெயைப் புறக்கணிக்கவில்லை. சவூதி எண்ணெய் அமைச்சர் யமானி கொள்கை மாற்றத்தை அறிவித்த 1985 செப்டம்பர் 13ஆம் நாளையே வீழ்ச்சியின் தொடக்க நாளாக அவர் குறிக்கின்றார். ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் அளவுக்கு இழப்பு நேர்ந்தது என்கின்றார். 'வெற்றி'யைப் போற்றுவோர் இவ்வரியை மட்டும் கிள்ளியெடுத்துப் பரப்புவது வழக்கம். ஆனால் கைதார் அத்துடன் நிற்கவில்லை. அரை நூற்றாண்டு பின்னோக்கி நடக்கின்றார்.

முதல் உலகப் போருக்கு முன் உலகின் முன்னணித் தானிய ஏற்றுமதி நாடுகளுள் ஒன்றாக விளங்கியது ரஷ்யா. ஸ்டாலின் 1929 முதல் உழவரின் நிலத்தையும் மாட்டையும் பறித்துக் கூட்டுப்பண்ணைகளில் அடைத்தார். உக்ரைனில் இலட்சக்கணக்கானோர் பட்டினியால் மாண்டனர். கசகஸ்தானில் மேய்ச்சலையே வாழ்வாகக் கொண்ட முஸ்லிம் மக்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் மடிந்தனர். உழவன் கை அன்று ஒடிந்தது; பின்னர் நிமிரவேயில்லை. நகரங்கள் பெருகின, வயல் அவற்றுக்குச் சோறிட இயலாமற் போயிற்று. 1963இல் பெருமளவில் வெளிநாட்டுக் கோதுமை வாங்கத் தொடங்கிய நாடு, 1980களில் சில ஆண்டுகளில் 4 கோடி டன்னுக்கு மேல் வாங்கியது. அதற்கான பணம் மேற்குச் சைபீரியாவின் எண்ணெயிலிருந்து வந்தது. ஆக, எண்ணெய்க் குழாயின் மறுமுனையில் இருந்தது ரொட்டித் துண்டு! அமெரிக்கா கண்டுபிடித்த நரம்பன்று அது. ஆட்சியாளர் தம் கையாலேயே வெளியே இழுத்துவிட்ட நரம்பு.

விலை சரிந்தபோது அவர்களுக்கு முன் வழிகள் இல்லாமலில்லை. உணவு விலையை உயர்த்தலாம். ஆனால் 1962இல் நோவோசெர்காஸ்க் நகரில் இறைச்சி, வெண்ணெய் விலையை உயர்த்தியதும் தொழிலாளர் திரண்டதும், அவர்கள் மீது துப்பாக்கி பாய்ந்ததும் கட்சியின் நெஞ்சில் மாறாத அச்சமாகப் பதிந்திருந்தன. படைச் செலவைக் குறைக்கலாம், தளபதிகள் இசையார். கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கு மலிவாக அளித்த எண்ணெயை நிறுத்தலாம், கூட்டணி கலையும். எதையும் செய்யாமல் கடன் வாங்கினர். அதே வேளையில், 1985இல் தொடங்கிய மதுவிலக்கு இயக்கத்தால் அரசின் வரி வருமானத்தில் பெரும் ஓட்டை விழுந்தது. மதுவைக் குறைப்பது நற்செயலே. அதனால் இழக்கும் வருவாய்க்கு மாற்று வழி காணாதது ஆட்சித் திறமின்மை. 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தது. 1988இல் ஆர்மீனிய நிலநடுக்கம் வந்தது. இவை எவற்றிலும் கேசியின் கை இல்லை.

ஆயுதப் போட்டி பற்றியும் ஒரு சொல். விண்வெளித் திட்டத்துக்கு ஈடுகொடுக்கப்போய்ச் சோவியத் ஓட்டாண்டியாயிற்று என்பர். ஆனால் சோவியத் ஆயுதக் கொள்முதலின் வளர்ச்சி 1976 முதலே ஏறத்தாழ நின்றுவிட்டது என்று 1983இல் மதிப்பிட்டது அமெரிக்க உளவு நிறுவனமேயன்றோ? அறிஞர் சகாரவ் அத்திட்டத்தை விண்வெளியில் கட்டப்படும் மாஜினோ அரண் என்று எள்ளி, அதற்கு அஞ்சிப் பேச்சுவார்த்தையை முடக்க வேண்டா என 1987இல் மாஸ்கோவிலேயே வலியுறுத்தினார். போட்டியில் செலவைப் பெருக்கியவர் மறுபுறத்தில் இருந்தனர்: 1981இல் ஒரு இலட்சம் கோடி டாலரை எட்டிய அமெரிக்க அரசின் கடன், ரீகன் விலகுவதற்குள் இரண்டரை மடங்குக்கு மேல் ஆயிற்று.

இத்துணை புகழ்ந்த பின் கைதாரின் நூலிலும் நாம் காணும் குறையை மறைத்தல் முறையன்று. கணக்கேடு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பதில் அவருக்கு மிகுந்த நம்பிக்கை. மேற்கு நாடுகளிடம் கடன் கேட்டு நின்றவர்கள் துப்பாக்கியைத் தூக்க இயலாது போயிற்று. எனவேதான் கிழக்கு ஐரோப்பாவும் பால்டிக் நாடுகளும் கைநழுவின என்பது அவர் முடிபு. இதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. கடன் தேவை உச்சத்தில் இருந்த 1990 ஜனவரியில்தான் பாகு நகரத் தெருக்களில் சோவியத் படை புகுந்து 130க்கும் மேற்பட்ட அசர்பைஜானியரைக் கொன்றது. மறு ஆண்டு வில்னியஸ் நகரிலும் சுட்டது. மாறாக, 1988 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் அவையில் நின்று, 5 இலட்சம் படைவீரரைக் குறைப்போம் என்றும், தம் பாதையைத் தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்றும் கோர்பசெவ் கூறியபோது கஜானா அவ்வளவு வறண்டிருக்கவில்லை. வார்சாவிலும் பெர்லினிலும் சுடாத கை பாகுவில் சுட்டது. இவ்வேறுபாட்டைப் பற்றுவரவு எண்கள் விளக்கா. மனிதர் எடுத்த முடிவுகளும், தம் மொழியும் மண்ணும் தமக்கே என்று எழுந்த மக்களின் வேட்கையும் விளக்கும். 1991 டிசம்பர் முதல் நாளன்று உக்ரைன் மக்களுள் வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் விடுதலைக்கு வாக்களித்தனர். அவர்கள் எண்ணெய் விலையைப் பார்த்து வாக்களிக்கவில்லை.

இரண்டு நூல்களிலும் போதிய இடம் பெறாதோர் உளர். விலை கொடுத்த மக்கள் அவர்கள். 1992இல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியவர் கைதாரே. அவ்வோராண்டில் ரஷ்யாவில் விலைவாசி 26 மடங்காயிற்று. முதியோரின் வாழ்நாட் சேமிப்பு கரைந்தது. 1990க்கும் 1994க்கும் இடையே ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 6 ஆண்டு குறைந்தது. ஆப்கானிஸ்தானில் 'வெற்றி'யின் கருவிகளாக விளங்கிய போராளிக் குழுக்கள், 1992இல் காபூலைக் கைப்பற்றியபின் ஒருவரையொருவர் பீரங்கியால் சுட்டுக்கொண்டனர், நகரம் இடிபாடாயிற்று. ஷ்வைசர் தம் நூலை எழுதி வெளியிட்ட காலத்திலேயே அக்குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஏழை முஸ்லிம் நாடொன்றை வல்லரசு ஒன்றின் கழுத்தில் கட்டிய கல்லாகக் கருதியவர்கள், கல்லுக்கும் உயிர் உண்டு என்பதை எண்ணவில்லை.

சூத்திரம் மட்டும் நிலைத்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் மீது விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை, மருந்துக்கும் உணவுக்கும் மக்களை ஏங்கவைத்தது. ஐ.நா.வின் மனிதநேயப் பணிக்குப் பொறுப்பேற்றிருந்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின்வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் இக்கொடுமையைப் பொறாது பதவி துறந்தனர். பதின்மூன்று ஆண்டுகளில் அரசு விழவில்லை. 2003இல் படையெடுப்பாலேயே விழுந்தது. கியூபா மீது 1962இல் விதித்த தடை அறுபது ஆண்டுகளில் அவ்வரசை வீழ்த்தவில்லை. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்ததை அடுத்து 2022இல் அதன் 30,000 கோடி டாலர் அளவிலான சேமிப்பு முடக்கப்பட்டது. எண்ணெய்க்கு விலை வரம்பு கட்டப்பட்டது. சில திங்களில் அந்நாடு நிலைகுலையும் என்றனர் சிலர். இந்தியாவும் சீனமும் எண்ணெயை வாங்கின. 2023இல் ரஷ்யப் பொருளாதாரம் வளரவே செய்தது. 1980இல் அர்ஜென்டினா செய்ததை நினைவுகூர்வோருக்கு இதில் வியப்பு இராது.

இதனால் பொருளாதார அழுத்தம் பயனே அற்றது என்று நாம் கூறவரவில்லை. அழுத்தம் வலியைத் தரும், வழிகளைக் குறுக்கும், இருக்கும் பிளவை விரிக்கும். இல்லாத பிளவை அஃது உண்டாக்காது. மேலும் அரண்மனையைக் குறிவைத்து எறியும் கல் பெரும்பாலும் குடிசையின் மேலேயே விழுகின்றது. 'வெற்றி' நூலைப் படிப்பவர் அதனோடு நின்றுவிடாமல் கைதாரின் நூலையும் படித்தல் வேண்டும். கைதாரைப் படித்தவர், அவ்வேட்டில் வரவு வைக்கப்படாத பாகுவையும் காபூலையும் தாமே எழுதிச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும். தன் உழவனின் முதுகெலும்பை முறித்த அரசுக்கு, அயலான் ஒருவன் வந்து குழி பறிக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. வல்லரசாக விழையும் எந்நாடும், நம் நாடு உட்பட, இவ்வரலாற்றிலிருந்து முதலில் கற்க வேண்டிய பாடம் பகைவனை வீழ்த்தும் வித்தையன்று; தன் வயலையும் தன் மக்களையும் காக்கும் அறிவே.